பாய்லருக்கு ஏப்பம் எடுப்பவர்

நடையில், வீட்டைச் சூடாக்கச் சுவரோடு மாட்டிய ரேடியேட்டரின் முன்னால் மண்டியிட்டிருக்கிறார் மெர்வின் டக்கெட். இடது கையில் கைப்பிடி உடைந்த தேநீர்க் கோப்பை. வலது கையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பித்தளைச் சாவி. ரேடியேட்டரின் தோளில் இருக்கிற சின்னத் திருகில் சாவியைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு, கால் சுற்று திருப்புகிறார். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று கிளம்புகிறது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டி ஏப்பம் வரவழைத்த தகப்பனின் நிம்மதி அவர் முகத்தில் படர்கிறது. காற்று தீர்ந்து, கறுத்த தண்ணீர் இரண்டு சொட்டு கோப்பையில் விழுந்ததும் திருகை மூடுகிறார்.

"அவ்வளவுதான், அவ்வளவுதான். சமத்து!" என்று அதன் தகரத் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்கிறார்.

ஞாயிறு காலை என்றால் இதுதான். எங்கள் தெருவில் இன்னும் மாதா கோயிலுக்குப் போகிற இரண்டு மூன்று குடும்பங்கள் கிளம்புகிற அதே நேரத்தில், மெர்வின் தன் வீட்டு ரேடியேட்டர் ஒவ்வொன்றின் முன்னாலும் முழங்காலிடுவார். ஒருமுறை பாதிரியார் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, "அங்கேயும் வந்து கொஞ்சம் முழங்கால் போடலாமே, மெர்வின்?" என்று கேட்டிருக்கிறார். "முட்டி தேயறது ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான் தலைவா. இங்க வீடாவது சூடாகுது" என்று பதில் போயிருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு மெர்வினைப் பிடிக்கும்.

கடைசிக் கட்டம் சமையலறையில். சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டிதான் பாய்லர். வயது இருபதுக்கு மேல். வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் குழாய்களில் சுடுதண்ணீரைச் சுற்றவிட்டு எல்லா அறைகளையும் சூடாக்குவது அதன் வேலை. பெட்டியின் முகத்தில் ஒரு சின்ன அழுத்தமானி. மேலே அத்தனை அறைகளிலும் காற்றைப் பிடுங்கியதால் அதன் முள் இறங்கியிருக்கும். மெர்வின் பெட்டியின் அடியில் இருக்கும் வெள்ளிநிறக் குழாயின் வால்வைத் திறந்து, ஊர்த் தண்ணீரை உள்ளே விட்டு, முள் பச்சைக் கோட்டுக்கு ஏறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏறியதும் மூடுவார்.

"முடிஞ்சுது. இந்த வாரம் பிளாட்வென் வாயைத் திறக்க மாட்டா."

சாவியை ஆணியில் மாட்டக்கூட விடமாட்டாள் பிளாட்வென். முதலில் 'டிக், டிக்'. பிறகு தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டும் ஓசை. பிறகு கொதிக்கும் கெட்டிலின் சீழ்க்கை. கடைசியில் வயிற்றிலிருந்து ஒரு முனகல். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்த முனகல் வரும்போது எங்கள் அலமாரியில் கரண்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

பிளாட்வென் என்பது பாய்லருக்கு மெர்வின் வைத்த பெயர்; அசலில் அது அவருடைய மாமியார் பெயர். வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்க்காரி, போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. மனைவி ஓல்வென் இந்தப் பெயர் சூட்டலை இன்றுவரை மன்னிக்கவில்லை. "எங்கம்மா சத்தம் போட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். முக்கால்வாசி நேரம் காரணம் நீதான்" என்பார். கோபம் உச்சிக்கு ஏறினால் மட்டும் தன் தாய்மொழியில் 'கரியாட்' என்று கூப்பிடுவார். கண்ணே என்று பொருள். அந்த வார்த்தையைக் கேட்டால் மெர்வின் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

மெர்வின் இங்கிலாந்தில் இந்த ஸ்விண்டன் ஊரில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். அவருக்கு உலகில் உள்ள ஆண்களெல்லாம் 'தலைவா', பெண்களெல்லாம் 'கண்ணு'. உலகில் உள்ள சத்தங்களெல்லாம் பேருந்துச் சத்தங்கள். ஒரு நீண்ட திருப்புளியின் முனையைப் பாய்லரின் தகட்டில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பார். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைப்போல, ஆனால் இரண்டு மடங்கு கம்பீரத்துடன். கேட்டு முடித்துத் தீர்ப்புச் சொல்வார். நவம்பரில், "பேரிங் போயிருக்கு. பம்பு தள்ளாடுது." டிசம்பரில், "பம்பு இல்ல. மாட்டியிருக்கற ஆணி லூசு." கிறிஸ்துமஸ் முடிந்ததும், "வடகாத்து. புகைக்குழாய்ல பூந்து விளையாடுது." வடகாற்று வீசாத நாளில் ஏன் சத்தம் வருகிறது என்று நான் கேட்டேன். "நேத்து வீசினது இன்னும் உள்ள இருக்கும்" என்றார்.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பாய்லரின் மேல்மூடியை ஒருநாளும் கழற்றியதில்லை. எரிவாயுவைத் தொட உரிமம் பெற்றவர்கள்தான் அதைத் திறக்கலாம் என்பது சட்டம். "லைசென்ஸ் இல்லாதவன் என் பஸ் ஸ்டீயரிங்ல கை வெச்சா விடுவனா? அது மாதிரிதான்" என்பார். நச்சுப்புகை கசிந்தால் அலறும் கருவி ஒன்றைத் தன் காசில் வாங்கி, ரொட்டிப் பெட்டிக்கு மேல் வைத்து, அதற்கும் வாரா வாரம் பட்டனை அழுத்திப் பார்ப்பார்.

குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் அக்டோபர் ஞாயிறுக்கு முன்னால் வீட்டைச் சூடாக்குவது எங்கள் தெருவில் ஏறக்குறைய ஒழுக்கக்கேடு. அதுவரை மெர்வின் வீட்டுக்குள் கோட்டும் குல்லாயுமாகத்தான் திரிவார். மூக்கு நுனி சிவந்திருக்கும். "குளிருதா? யாருக்கு? எனக்கா?" அந்த ஞாயிறு வந்து பிளாட்வென் முதல் கனைப்புக் கனைத்ததும் எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டிலும் விசையைத் தட்டுவார். பருவகாலம் அப்படித்தான் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்.

இவ்வளவு சத்தம் போடும் பாய்லரைப் பற்றி வெளியாள் யாராவது கேட்டால் மட்டும் மெர்வினின் பதில் மாறிவிடும்.

"சத்தமா? என்ன சத்தம்?"

அந்த வீடு அவர்களுடையதல்ல. உரிமையாளர் ஸ்பெயினில் வெயில் காய்கிறார். வாடகையை வசூலித்து அவருக்கு அனுப்பிவிட்டு, தன் பங்கை எடுத்துக்கொள்வது கடைத்தெருவில் இருக்கும் ஒரு ஏஜென்சி. டக்கெட் தம்பதி குடிவந்து ஒரு தலைமுறை ஆகிறது. வாடகை மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. அந்தத் தொகைக்கு இன்றைய ஸ்விண்டனில் கார் நிறுத்தும் கொட்டகைகூடக் கிடைக்காது. வாடகைக்காரரைக் காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேற்றலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் அனுமதித்திருந்த காலம் அது. சட்டம்தான். குதிரைக்குக்கூடக் காரணம் சொல்லித்தான் சாட்டை போடுவார்கள்.

பதினேழாம் எண் வீட்டில் ஜேனிஸ் என்றொரு பெண்மணி இருந்தார். அதே ஏஜென்சி. படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்து, பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை என்று புகார் செய்தார். புகாருக்குப் பதில் வரவில்லை. நோட்டீஸ் வந்தது. ஜேனிஸ் போன பிறகு சுவருக்கு வெள்ளையடித்து, வாடகையை ஏற்றி, வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். வெள்ளைக்குப் பின்னால் பூஞ்சை அப்படியேதான் இருக்கிறது.

அதைப் பார்த்த பிறகு மெர்வினிடம் நான் சட்டம் பேசினேன். பழுதுபார்ப்பது உரிமையாளரின் கடமை, நகராட்சியில் முறையிடலாம், எழுதிக் கொடுக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அவர் அவரைக்காய்க் கொடிக்குக் கழி நட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சட்டம் என் பக்கம் இருக்கும் தலைவா. வீட்டுச் சாவி அவன் பக்கம் இருக்கும். பாய்லர் மாத்தணும்னா சமையலறைய ஒடைக்கணும். ஒடைக்கணும்னா வீடு காலியா இருக்கணும். காலி பண்ணிட்டுப் போனவன் திரும்பி வந்ததா கதையில கூட இல்ல."

எனவே, ஏஜென்சி ஆள் வீட்டைப் பார்வையிட வரும் நாளில் டக்கெட் வீட்டில் திருவிழா. மெர்வின் துணி துவைக்கும் எந்திரத்தை வெறும் வயிற்றோடு ஓடவிடுவார். ரேடியோவில் பித்தளை வாத்தியக் கோஷ்டி முழங்கும். ஓல்வென் வாக்குவம் கிளீனரோடு சமையலறையில் ஒரே இடத்தை உழுதுகொண்டிருப்பார். அந்த இரைச்சலில் பிளாட்வென் எவ்வளவு கத்தினாலும் எடுபடாது. வந்தவர் காதைப் பொத்திக்கொண்டு செல்பேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். டக்கெட் தம்பதி மிகச் சுத்தமானவர்கள் என்று ஏஜென்சியில் ஒரு நல்ல பெயர் உண்டு.

சென்ற குளிர்காலத்தில் இந்தத் திருவிழா கெட்டுப்போனது.

வருடத்துக்கு ஒருமுறை எரிவாயுச் சாதனங்களைப் பரிசோதிக்க ஆள் வரவேண்டும். வழக்கமாக வருபவர் காது மந்தமானவர், மெர்வினுக்கு அவர்மேல் தனிப் பிரியம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், புதிதாக ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்ததும் மெர்வின் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உன்கிட்ட டிரில் இருக்குல்ல? நாளைக்குக் காலைல நம்ம நடுச்சுவத்துல ஒரு ஓட்டை போடேன்."

"எதுக்கு?"

"ஏதாவது படம் மாட்டு. உங்க ஊர்ப் பெரியவர் யாராவது இருப்பாரே, தாடி வெச்சவர்."

"மாட்டியாச்சு, மெர்வின்."

"அப்போ ரெண்டாவது மாட்டு. பெரியவங்கள எத்தனை தடவ வேணா மாட்டலாம்."

நான் மறுத்துவிட்டேன். ஆனால் வேடிக்கை பார்க்க அவர் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தவர் காஸியா என்ற போலந்துப் பெண். முப்பது வயதிருக்கும். கருவிப் பையைக் கீழே வைப்பதற்குள் மெர்வின் தேநீரை நீட்டினார். இந்த ஊரில் பழுதுபார்க்க வருபவருக்குத் தேநீர் கொடுப்பது, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. காஸியா கோப்பையை எட்டிப் பார்த்தார்.

"பால் வேணாம். எலுமிச்சம்பழம் இருக்கா?"

"டீயிலயா?" என்றார் மெர்வின். அவர் குரலில் இருந்த அதிர்ச்சியை, பாய்லர் வெடித்திருந்தால்கூடக் கேட்டிருக்க முடியாது. "ஓல்வென், இந்தக் கண்ணு டீயில எலுமிச்சம்பழம் கேக்குது."

"என் பேரு காஸியா. கண்ணு இல்ல."

ஓல்வென் வாக்குவத்தால் உழ ஆரம்பித்தார். துவைக்கும் எந்திரம் சுழன்றது. ரேடியோ முழங்கியது. காஸியா மூடியைக் கழற்றினார், அளந்தார், முகர்ந்தார், மூடினார். அவசரப்படவில்லை. பிறகு கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். ஓல்வென் உழுதார், காஸியா நின்றார். ஓல்வென்னின் முட்டி முதலில் தோற்றது. அவர் உட்கார்ந்ததும் காஸியா போய் வாக்குவத்தின் விசையை அணைத்தார். ரேடியோவை அணைத்தார். துவைக்கும் எந்திரத்தின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டு, அதையும் அணைத்தார்.

பிளாட்வென் தனித்துப் பாடினாள்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றார் காஸியா.

"சத்தமா? என்ன சத்தம்?" என்றார் மெர்வின். அப்போது முனகல் கட்டம். மேசையில் சர்க்கரைக் கிண்ணம் ஒரு விரற்கடை நகர்ந்தது.

காஸியா அழுத்தமானியைப் பார்த்தார். அடியில் இருந்த வெள்ளிநிறக் குழாயைத் தொட்டார். கை பட்டுப் பட்டு அதன் வால்வுகள் பளபளவென்று தேய்ந்திருந்தன.

"யாரு இதுக்குத் தண்ணி விடறது?"

இந்தக் கேள்விக்கு மெர்வின் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான். ஞாயித்துக்கிழமை தவறாம. காய்ச்சலா கெடந்தப்பகூட நிறுத்தினதில்ல."

"எதுக்கு விடறீங்க?"

"முள் இறங்கிடுதே."

"ஏன் இறங்குது?"

"எல்லா ரேடியேட்டருக்கும் ஏப்பம் எடுத்து விடறேன்ல? காத்து போனா முள் இறங்கத்தானே செய்யும்?"

"அந்தக் காத்து எப்படி உள்ள வருது?"

மெர்வின் வாயைத் திறந்தார். வடகாற்று என்று சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். அதற்குள் ஓல்வென் நாற்காலியிலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"புதுத் தண்ணியில கலந்து வருது."

"ஆமா. புதுத் தண்ணியில காத்தும் இருக்கு, சுண்ணாம்பும் இருக்கு. உங்க கெட்டில் அடியைப் பாத்திருக்கீங்களா?"

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வெந்நீர் போடும் எந்த வீட்டிலும் பானை அடியில் வெள்ளையாகப் பத்துப் பிடித்திருக்குமே, அதே பத்துதான். ஸ்விண்டன் தண்ணீர் அப்படிப்பட்டது. ஒரு முறை நிரப்பிய தண்ணீரே உள்ளே சுற்றிக்கொண்டிருந்தால் அதில் இருக்கும் கொஞ்சம் சுண்ணாம்போடு கதை முடிந்திருக்கும். மெர்வின் வாரா வாரம் புதிதாக ஊட்டியிருக்கிறார். அது பாய்லரின் வயிற்றில், நெருப்புப் படும் தகட்டில், படலம் படலமாக ஏறியிருக்கிறது. அந்தப் படலத்துக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து, குமிழி வெடித்து, கூழாங்கல்லும் சீழ்க்கையும் முனகலுமாகக் கத்தியிருக்கிறது. சத்தம் கூடக் கூட மெர்வின் இன்னும் சிரத்தையாகக் காற்றைப் பிடுங்கினார். பிடுங்கியதால் முள் இறங்கியது. இறங்கியதால் தண்ணீர் விட்டார். தண்ணீரோடு அடுத்த வாரத்துக்கான காற்று வந்து சேர்ந்தது.

ஓல்வென் எழுந்து நின்றார்.

"முப்பது வருஷம் ஊர் நடுவுல இருக்கற அந்த ரவுண்டானாவைச் சுத்தி பஸ் ஓட்டின மனுஷன்! ஒரு வட்டத்துக்குள்ள அஞ்சு வட்டம், ஊரே முழி பிதுங்கும், உனக்கு மட்டும் தண்ணி பட்ட பாடு. வீட்டுக்குள்ள நீயா ஒண்ணு கட்டிவெச்சு, வெளிய வர வழி தெரியாம இத்தனை வருஷம் சுத்திக்கிட்டு இருந்திருக்கியே, கரியாட்!"

மெர்வின் தோட்டத்தைப் பார்த்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போகமுடியவில்லை.

எனக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. தோஷத்துக்குப் பரிகாரம் செய்து, பரிகாரச் செலவில் கடன்பட்டு, கடனுக்குக் காரணம் தோஷம் என்று அடுத்த பரிகாரத்துக்குக் கிளம்பும் குடும்பங்களைப் பார்த்தே வளர்ந்தவன். ஆனால் அங்கே விபூதியும் எலுமிச்சையும் இருந்ததால் உடனே தெரிந்துகொண்டேன். இங்கே சாவியும் திருகும் அழுத்தமானியும் இருந்தன, நானும் அதை அறிவியல் என்று நினைத்துவிட்டேன். கையில் கருவி இருந்தால் போதுமா, ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாமே என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டிலும் தோன்றவில்லை.

"ஆபத்து இருக்கா?" என்றார் ஓல்வென்.

"எரிவாயு கசியல. புகை ஒழுங்கா வெளிய போகுது. சான்றிதழ் குடுத்துடுவேன். ஆனா இப்படியே விட்டா ஒரு ஜனவரில உள்ள நெருப்பு படற தகடு விரிசல் விட்டுடும். அப்புறம் புது பாய்லர்தான். இப்பவே மருந்து விட்டு உள்ள கழுவினா பொழைச்சுக்கும். கழுவிக் குடுக்கறது வீட்டுக்காரரோட பொறுப்பு."

"நீங்களே அவங்ககிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தார் மெர்வின்.

"கசிவு இருக்கா இல்லையான்னு மட்டும் எழுது, வேற எதுவும் எழுதாதேன்னு ஏஜென்சி எனக்கு சொல்லியிருக்கு. கழுவணும்னு நான் எழுதினா அடுத்த தெருவுக்கு வேற ஆள அனுப்புவாங்க. கேக்க வேண்டியது நீங்கதான்." காஸியா பையை மூடினார். "அதுவரைக்கும் அந்தக் குழாயத் தொடாதீங்க. ரேடியேட்டரையும் தொடாதீங்க. நாலு ஞாயிறு. முள் இறங்குதான்னு மட்டும் பாருங்க."

அந்த ஞாயிறுகளில் மெர்வினைப் பார்க்கச் சகிக்கவில்லை. புகையிலையை விட்டவன்கூட அப்படித் தவித்திருக்க மாட்டான். காலையில் சாவியை எடுப்பார், வைப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரேடியேட்டர்களின் முன்னால் நடப்பார். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டுல காத்து சேந்திருக்கும். ஒரு பார்வை பாத்துடட்டுமா?" என்று கெஞ்சினார். என் மனைவி கதவை அடைத்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் ஏமாந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

முள் இறங்கவில்லை. ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. எங்கேயும் ஒழுகல் இல்லை. அத்தனை வருட ஞாயிறுகளும் வீண் என்று அந்த முள் அசையாமல் நின்று சொல்லிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. செய்வதை நிறுத்தினால் மேற்கொண்டு கெடாது, கெட்டது தானாகச் சரியாகாது. அதற்குக் கேட்டாக வேண்டும்.

மெர்வின் கேட்காத மனிதர். ஓட்டலில் சூப் ஆறிப்போய் வந்தால், "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முனகுகிற இனம். ஏஜென்சிக்குத் தொலைபேசியில் பேசுவதற்கு அவர் மூன்று நாள் என்னிடம் ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு ஒத்திகையும், "தொந்தரவுக்கு மன்னிக்கணும், ஒண்ணும் அவசரமில்ல" என்றுதான் ஆரம்பமாகும். "மன்னிப்பை முதல்ல வெட்டுங்க" என்றேன். "அத வெட்டிட்டா என்ன மிச்சம் இருக்கு?" என்றார் உண்மையாகவே. கடைசியில் ஓல்வென் எண்ணைச் சுழற்றி, மணி அடிக்க ஆரம்பித்ததும் தொலைபேசியை அவர் காதில் ஒட்டிவைத்து, கையை எடுக்காமல் நின்றார். மெர்வின் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். ஆனால் 'சத்தம்' என்ற வார்த்தையையும் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் ஏஜென்சியிலிருந்து டொமினிக் என்ற இளைஞன் வந்தான்; அன்றும் நான் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன். கூர் முனை ஷூ, சட்டைக் கையில் வெள்ளிப் பொத்தான், சிரிப்பு. மரியாதையில் குறை வைக்கவில்லை. துவைக்கும் எந்திரம் ஓடவில்லை. ரேடியோ ஊமையாக இருந்தது. ஓல்வென் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சத்தம்னு சொன்னீங்களாம், மிஸ்டர் டக்கெட். இத்தனை வருஷத்துல எங்க ஆளுங்க வந்து பாத்தப்ப ஒருத்தர்கூட அப்படி எதுவும் கேட்டதா சொல்லலியே?"

"கேக்காத மாதிரி நான் பாத்துக்கிட்டேன்."

டொமினிக் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தான். பாய்லரிலிருந்து நல்ல தொலைவில், கதவோரமாக நின்றபடி பேசினான். பேச்சை நிறுத்தாமல் பேசினான். சத்தம் கேட்க அதில் இடைவெளியே இல்லை.

"ரொம்பப் பழசுதான், கொஞ்சம் முனகத்தான் செய்யும், நமக்கெல்லாம் வயசானா முனகறதில்லையா? நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வேலைன்னு ஆரம்பிச்சா ஓனர் பெருசா செய்யலாம்னு யோசிப்பாரு. வீட்டைக் காலியா கேப்பாரு. இவ்வளவு நாள் நிம்மதியா இருந்துட்டீங்க. எனக்கென்னமோ அப்படி ஒண்ணும் சத்தம் தெரியல. தெரியலன்னே போட்டுக்கலாமா?"

'என்ன சத்தம்?' என்ற வழக்கமான வாக்கியம் மெர்வினின் வாய் வரை வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. ஓல்வென் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கரியாட் என்று சொல்லாமல்.

எங்கள் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் முப்பது வருடம் வாழ்ந்தவர்கள்கூட ஒருவரையொருவர் தொடுவதில்லை. கைகுலுக்கல் என்பதே கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். மெர்வின் கதவோரம் வரை நடந்தார். அந்த இளைஞனின் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனைச் சமையலறையின் குறுக்கே நடத்திக் கூட்டிவந்து, அவன் உள்ளங்கையை விரித்துப் பாய்லரின் முகத்தில் பதித்தார். அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

உள்ளே கூழாங்கல் உருள ஆரம்பித்தது. டொமினிக்கின் பேச்சு நின்றது. சீழ்க்கை ஏறியது. முனகல் வந்தபோது அவன் சட்டைக்கையின் வெள்ளிப் பொத்தான் தகட்டில் பட்டு டகடகவென்று அடித்துக்கொண்டது. அவன் கையை இழுத்தான். மெர்வின் விடவில்லை.